நடு பெஞ்சுக்கு எந்தப் பள்ளி?

திருவனந்தபுரத்தில் மே மாதம் பிளெக்ஸ் மாதம். எஸ்.எஸ்.எல்.சி. முடிவு வந்த மறுநாளே கரமனையிலிருந்து கேசவதாசபுரம் வரை பள்ளி மதில்களிலும் டியூஷன் சென்டர் வாசல்களிலும் பிள்ளைகளின் பாஸ்போர்ட் படங்கள் வரிசை வரிசையாகத் தொங்க ஆரம்பித்துவிடும். உயர் நீதிமன்றம் எத்தனையோ முறை கண்டித்தும் இந்த ஒரு விஷயத்தில் ஊர் கேட்பதில்லை. படத்தில் இருப்பவர்கள் பத்துப் பாடத்திலும் ஏ பிளஸ் வாங்கியவர்கள். ‘ஃபுல் ஏ பிளஸ்’ என்பது இங்கே பெயருக்குப் பின்னால் போடாத பட்டம்.

நான் கரமனையில் கணக்கு டியூஷன் எடுப்பவன். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பள்ளி வேலைக்குப் போனதில்லை. போயிருந்தால் டியூஷன் எடுத்திருக்க முடியாது. அரசு, எய்டட் பள்ளி ஆசிரியர்களுக்குத் தனி டியூஷன் இங்கே தடை. (எல்லாரும் கடைப்பிடிக்கிறார்களா என்று என்னிடம் கேட்காதீர்கள்.) சாயங்காலம் ஆனால் என் முன்னறையில் ஊரிலுள்ள சீருடையெல்லாம் கலந்து உட்காரும். வழுதக்காட்டுப் பெண்கள் பள்ளி, தம்பானூர் பக்கத்து ஆண்கள் பள்ளி, பட்டத்துப் பெரிய பள்ளி, கேந்திரிய வித்யாலயா, புறநகரில் புதிதாக முளைத்த சி.பி.எஸ்.இ. பள்ளிகள் எல்லாம் உண்டு. ஒரு பள்ளி ஆசிரியருக்குத் தன் பள்ளியைத்தான் தெரியும். எனக்கு எல்லாப் பள்ளியின் நோட்டுப் புத்தகமும் தெரியும்.

பிளெக்ஸில் வந்தவர்களும் என்னிடம் படித்திருக்கிறார்கள். ஆனால் என் பிழைப்பு பெரும்பாலும் பிளெக்ஸில் வராதவர்களால்தான் நடந்தது. அவர்களுடைய அப்பா அம்மாக்கள்தான் கொல்லப் பரீட்சை, அதாவது முழு வருஷப் பரீட்சை, முடிந்ததும் வந்து நிற்பார்கள். “என்ன சார் பண்றது, இவன் ஆவரேஜாக்கும். நல்ல ஸ்கூல் ஒண்ணு சொல்லுங்கோ.” பையன் பக்கத்திலேயே நிற்பான். அவன் காதில் விழட்டும் என்றே சொல்வது போலிருக்கும்.

‘ஆவரேஜ்’ என்பதைப் பற்றி முதலில் ஒரு கணக்கு சொல்லிவிடுகிறேன். 2021இல் கேரளத்தில் ஃபுல் ஏ பிளஸ் வாங்கியவர்கள் 1,21,318 பேர். மறு வருஷம் 44,363. அதற்கடுத்த வருஷம் 68,604. 2024இல் 71,831, 2025இல் 61,449. ஒரே வருஷத்தில் மலையாள நாட்டுப் பிள்ளைகளின் புத்தி மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடவில்லை. கோவிட் காலத்தில் முக்கியப் பகுதிகளைக் குறித்துக் கொடுத்து, கூடுதலாகக் கேள்வி கேட்டு, தெரிந்ததை எழுத விட்டார்கள். மறு வருஷம் அந்தக் கயிற்றை இழுத்துப் பிடித்தார்கள். 2021இல் எழுதியிருந்தால் பிளெக்ஸில் தொங்கியிருக்க வேண்டிய பிள்ளை 2022இல் எழுதியதால் ஆவரேஜ் ஆனது. இப்படி ஒரு வருஷத்தில் இடம் மாறக்கூடிய ஒரு பெயரை ஆறாம் வகுப்புப் பிள்ளையின் நெற்றியில் ஒட்டிக்கொண்டு பள்ளி தேடப் புறப்படுவது எனக்கு எப்போதும் சரியாகப் பட்டதில்லை.

நான் தொழிலுக்கு வந்த காலத்தில் நிலைமை வேறு. எஸ்.எஸ்.எல்.சி.க்கு மொத்தம் 600 மதிப்பெண், தேற 210. “இருநூற்றுப் பத்து தேறுமா சார்?” என்பதுதான் அன்றைய கேள்வி. 360 முதல் வகுப்பு. ஏறக்குறையப் பாதிப் பேர் தோற்ற காலம் அது. தோற்றவர்களுக்கென்றே கிழக்கே கோட்டை பக்கமும் ஓவர்பிரிட்ஜ் பக்கமும் ஓலை வேய்ந்த கொட்டகையிலும் மாடி அறைகளிலும் டுட்டோரியல் காலேஜுகள் நடந்தன. நானும் ஒன்றில் வகுப்பெடுத்திருக்கிறேன். ஒரு பெஞ்சில் ஏழெட்டுப் பேர். மீசை முளைத்தவன், கல்யாணம் நிச்சயமான பெண் எல்லாரும் பத்தாம் வகுப்புக் கணக்குப் போடுவார்கள். 2005இல் கிரேடு முறை வந்தது. சில வருஷத்திலேயே தேர்ச்சி தொண்ணூறு சதவீதத்தைத் தாண்டியது, 2025இல் 99.5. டுட்டோரியல்கள் மூடின. சில, எண்ட்ரன்ஸ் கோச்சிங் என்று போர்டு மாற்றிக்கொண்டன.

அதை நான் குறையாகச் சொல்லவில்லை. தோல்வியால் படிப்பை விட்ட பிள்ளைகளை நேரில் பார்த்தவன் அந்தக் காலத்தைத் திரும்பக் கேட்க மாட்டான். ஆனால் ஒன்று நடந்தது. தோற்றவன் கண்ணுக்குத் தெரிந்தான். நடுவில் இருப்பவன் தெரியாமல் போனான். 100 மதிப்பெண் பாடத்தில் 20 பள்ளியே போடும் உள்மதிப்பீடு, 80 எழுத்துத் தேர்வு. உள்மதிப்பீடு பெரும்பாலும் முழுசாகவே வந்துவிடும். தேறுவதற்கு வேண்டிய டி பிளஸ்ஸுக்கு 30 போதும். அதாவது 80க்குப் பத்து எழுதினால் கரை ஏறிவிடலாம். பின்னத்தைக் கூட்டத் தெரியாமலே பத்தாம் வகுப்பு தேறி பிளஸ் ஒன் சேர்ந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். பிளஸ் ஒன் முதல் பருவத்து ஓணப் பரீட்சையில்தான் வீட்டுக்கு விஷயம் தெரியும். இதைச் சரிக்கட்டத்தான் எழுத்துத் தேர்வில் மட்டும் தனியாக 30 சதவீதம் வேண்டும் என்று அரசு 2024இல் முடிவெடுத்தது. முதலில் எட்டாம் வகுப்பு, 2025-26இல் ஒன்பது, 2026-27இல் பத்து. 80க்கு 24, 40க்கு 12. இது வந்த பிறகு, நடுவில் இருக்கும் பிள்ளையைச் சும்மா தள்ளிக்கொண்டு போன பள்ளி எது, பாடம் சொல்லிக்கொடுத்த பள்ளி எது என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிய ஆரம்பித்திருக்கிறது.

ஆகவே நல்ல பள்ளி எது என்று கேட்பவர்களிடம் நான் ரிசல்ட்டைப் பற்றிப் பேசுவதில்லை. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் தேறும் ஊரில் நூறு சதவீத ரிசல்ட் என்பது ஒரு செய்தியே இல்லை. நோட்டைப் பாருங்கள் என்பேன். உங்கள் தெருவில் அந்தப் பள்ளிக்குப் போகும் பிள்ளை ஒன்று இருக்கும். முதல் மார்க் வாங்கும் பிள்ளையை விட்டுவிட்டு சுமாராகப் படிக்கும் பிள்ளையின் கணக்கு நோட்டை வாங்கிப் பாருங்கள்.

நோட்டில் என்ன பார்ப்பது? தப்பே இல்லாத நோட்டைக் கண்டால் எனக்குப் பயம். கோடு போட்டு, தலைப்புக்கு ஸ்கெட்ச் பேனாவில் அடிக்கோடு இட்டு, ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் நாற்பது பக்கம். ஒவ்வொரு பக்கத்தின் கீழும் சிவப்பு டிக், ‘வெரி குட்’. அந்தப் பிள்ளையை ஒரு கணக்குப் போடச் சொன்னால் முதல் வரிக்கு மேல் நகராது. கரும்பலகையைப் பார்த்து எழுதிய நோட்டு அது. கை படித்திருக்கிறது, பிள்ளை படிக்கவில்லை. ஃபீஸ் அதிகம் வாங்கும் பள்ளிகளில் இந்த மாதிரி நோட்டு கூடுதல். அப்பா அம்மா புரட்டிப் பார்ப்பார்கள் என்று தெரிந்தே தயாரிக்கப்படும் நோட்டு.

இன்னொரு வகை, தப்புக்கும் டிக் விழுந்த நோட்டு. விடை 36 வர வேண்டும், பிள்ளை 63 எழுதியிருக்கும், மேலே சிவப்பு டிக். ஐம்பது பேர் இருக்கும் டிவிஷனில் டீச்சரைக் குற்றம் சொல்லி என்ன பயன்? ஆனால் அந்த டிவிஷனில் முன்வரிசை ஐந்து பேரையும் பின்வரிசை ஐந்து பேரையும் டீச்சருக்குப் பெயர் சொல்லித் தெரிந்திருக்கும். நடுவில் நாற்பது பேர் ரோல் நம்பர்தான்.

நல்ல நோட்டு ஒன்றைச் சொல்கிறேன். நேமம் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளி. ஆறாம் வகுப்புப் பெண். முக்காலையும் அரையையும் கூட்டி, மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் சேர்த்து, ஆறில் நாலு என்று எழுதியிருந்தாள். எல்லாப் பிள்ளைகளும் செய்யும் தப்புதான். டீச்சர் அதை அடிக்கவில்லை. பக்கத்தில் இரண்டு சப்பாத்தி வரைந்து, ‘முக்கால் சப்பாத்தியோடு அரைச் சப்பாத்தி சேர்ந்தால் ஒன்றைத் தாண்டுமா, தாண்டாதா?’ என்று மலையாளத்தில் எழுதியிருந்தார். கீழே பெண்ணின் கையெழுத்தில் ‘தாண்டும்’. அதன் கீழே மறுபடி அவளே போட்ட கணக்கு, இந்தத் தடவை நாலில் ஐந்து. அதற்குத்தான் டிக். அந்தப் பள்ளிக்குச் சுற்றுச்சுவரில் பாதிதான் இருந்தது. பிளெக்ஸ் கட்டக்கூட மதில் கிடையாது. அதற்கப்புறம் அந்தப் பக்கத்திலிருந்து யார் வந்து கேட்டாலும் நான் அங்கேயே அனுப்பினேன். அந்த டீச்சர் இடமாற்றலாகிப் போகும் வரை. அரசுப் பள்ளியில் இந்தக் கஷ்டம் உண்டு. பள்ளி நல்லது என்று நாம் சொல்வது பல நேரம் மூன்று டீச்சர்களைத்தான். ஜூன் மாதத்தில் ஓர் உத்தரவு வந்தால் அந்த நல்ல பள்ளி பாறசாலைக்குப் போய்விடும். எய்டட் பள்ளியில் ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரே நிர்வாகத்துக்குள்ளேயே இருப்பார்கள். அங்கே நோட்டு நன்றாக இருந்தால் அது நிலைக்கும்.

நம்மவர்கள் வீட்டில் இன்னொரு சங்கதி இருக்கிறது. இந்த ஊரில் கரமனை, வலியசாலை, சாலைக் கடைத்தெரு, கோட்டைக்குள் தெருக்கள் என்று தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. வீட்டில் தமிழ், வெளியே மலையாளம், பள்ளியில் இங்கிலீஷ், ஐந்தாம் வகுப்பிலிருந்து இந்தி. நாலு மொழிக்கு நடுவில் பிள்ளை தடுமாறுவதை நாம் கணக்கு வரவில்லை என்று எடுத்துக்கொள்கிறோம்.

சாலையில் பாத்திரக் கடை வைத்திருந்த ஓர் அண்ணாச்சி, நாகர்கோவில் பக்கத்துக்காரர், எட்டாம் வகுப்புப் படிக்கும் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். “சார், இவனுக்குக் கணக்கு மண்டையிலே ஏறவே மாட்டேங்கு. இங்கிலீஷ் மீடியம் வேண்டாம்னா வீட்லே கேட்க மாட்டேங்கா.” பையன் கணக்கில் முப்பதுக்குக் கீழே. வட்டிக் கணக்கு ஒன்றைக் கொடுத்தேன். இங்கிலீஷில் நாலு வரி. பேனாவைப் பிடித்துக்கொண்டு இருந்தான். “சரி, ஒருத்தர் உங்க அப்பாகிட்டே எட்டாயிரம் ரூபாய்க்குப் பாத்திரம் கடன் வாங்கிட்டுப் போறாரு. நூத்துக்கு ஒண்ணரை வட்டி. அஞ்சு மாசம் கழிச்சு வாறாரு. எவ்வளவு வாங்குவே?” என்றேன். பேனாவைத் தொடாமலே, “அறுநூறு வட்டி சார். சேர்த்து எட்டாயிரத்து அறுநூறு. அப்பா அந்த நூறை விட்டிருவாங்க” என்றான். அண்ணாச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. எட்டு வருஷமாக இந்தப் பையனைப் படிக்க வராதவன் என்று ஒரு பள்ளி முழுக்க நம்பியிருக்கிறது.

அந்தப் பையனுக்கு நான் பள்ளியை மாற்றச் சொன்னேன். இங்கிலீஷ் மீடியத்தை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் எந்த அம்மாவும் கேட்க மாட்டார்கள், அவர்கள் பயத்திலும் நியாயம் இருக்கிறது. இங்கிலீஷ் மீடியமாகவே இருக்கட்டும், ஆனால் டீச்சர் தேவைப்படும்போது மலையாளத்தில் விளக்கத் தயங்காத பள்ளி வேண்டும். நகரத்து ஸ்டேட் சிலபஸ் பள்ளிகளில் இது இயல்பாக நடக்கும். ஒரே வளாகத்தில் மலையாளம் மீடியம் டிவிஷனும் இங்கிலீஷ் மீடியம் டிவிஷனும் இருக்கும், அதே டீச்சர் இரண்டுக்கும் போவார். பாடப் புத்தகமும் இரண்டு மொழியிலும் ஒரே புத்தகம்தான். மலையாளப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். வளாகத்துக்குள் மலையாளம் பேசினால் அபராதம் என்று வைத்திருக்கும் பள்ளியில் இந்தப் பையன் வாயே திறக்க மாட்டான்.

தமிழிலேயே படிக்க வைக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. சாலையில் அரசுத் தமிழ்ப் பள்ளி இருக்கிறது. தொழில்கல்வி மேல்நிலை வரை உண்டு. கடைத்தெருவில் வேலை செய்யும் குடும்பங்களுக்கு அது பெரிய துணை. ஆனால் இந்த ஊரிலேயே வாழப்போகும் பிள்ளைக்கு மலையாளம் எழுதப் படிக்கத் தெரிந்தே ஆக வேண்டும். 2017இல் இயற்றிய சட்டப்படி பத்தாம் வகுப்பு வரை எந்தப் பாடத்திட்டப் பள்ளியாக இருந்தாலும் மலையாளம் கட்டாயம். மொழிச் சிறுபான்மையினருக்குச் சில சலுகைகள் இருக்கின்றன. தமிழை முதல் மொழியாக எடுக்கலாம் என்றாலும் நகரத்தில் தமிழாசிரியர் இருக்கும் பள்ளிகள் கொஞ்சம்தான். சேர்க்கும் முன்பே கேட்டுவிட வேண்டிய கேள்வி இது. பாதி வருஷத்தில் கேட்டால் விண்ணப்பம் எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள், அதோடு சரி.

இனி, நான் கோபப்படாமல் எழுத முடியாத விஷயத்துக்கு வருகிறேன். மே மாதத்தில் சில அப்பா அம்மாக்கள் கையில் டி.சி.யோடு வருவார்கள். ஒன்பதாம் வகுப்பு முடிந்திருக்கும். “அவனுக்கு வேற ஸ்கூல் நல்லதுன்னு பிரின்சிபல் சொன்னாங்க சார்.” எல்.கே.ஜி.யிலிருந்து பத்து வருஷத்துக்கு மேல் ஃபீஸ் வாங்கின பள்ளி. பத்தாம் வகுப்பு ரிசல்ட்டில் இந்தப் பிள்ளை ஒரு பி பிளஸ்ஸோ சி பிளஸ்ஸோ வாங்கி பிளெக்ஸைக் கெடுத்துவிடும் என்ற கவலையில் கடைசி வருஷம் வெளியே அனுப்புகிறார்கள். எழுத்தில் எதுவும் இருக்காது. பெற்றோரே விரும்பி வாங்கிக்கொண்டதாகத்தான் பதிவு. சி.பி.எஸ்.இ. என்றால் ஒன்பதாம் வகுப்பிலேயே வாரியத்தில் பதிவாகிவிடும். பத்தாம் வகுப்பில் பள்ளி மாறுவது பெரும்பாடு. எனவே சில இடங்களில் இந்த வேலை எட்டாம் வகுப்பு முடிவிலேயே நடந்துவிடுகிறது. அந்த வயதில் தன்னை வேண்டாம் என்று சொன்ன இடத்தைப் பிள்ளை மறப்பதில்லை. அப்படி வந்த ஒரு பெண் முதல் மூன்று வாரம் என் வகுப்பில் பெயர் கேட்டால்கூடத் தலை நிமிர்ந்து சொல்லவில்லை.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. பள்ளி ஆபீஸில், இந்த வருஷம் பத்தாம் வகுப்பு எழுதியவர்கள் எத்தனை பேர், அவர்களே எட்டில் இருந்தபோது எத்தனை பேர் என்று கேளுங்கள். 120 பேர் எட்டில் இருந்து 118 பேர் பத்து எழுதினால் அந்தப் பள்ளியின் நூறு சதவீதம் உண்மையான நூறு. 120 பேர் இருந்த இடத்தில் 90 பேர் எழுதியிருந்தால் மீதி முப்பது பேர் எங்கே போனார்கள் என்று கேட்கலாம். பதில் சொல்ல மாட்டேன் என்றால் அதுவும் பதில்தான். அரசு, எய்டட் பள்ளிகளில் இந்தக் கணக்கு பெரும்பாலும் தலைகீழாக இருக்கும். எட்டில் கூட்டம் ஏறும், பத்தில் இன்னும் ஏறும். வெளியே அனுப்பப்பட்டவர்கள் அங்கேதான் வந்து சேர்கிறார்கள். அவர்களையும் வைத்துக்கொண்டு நல்ல ரிசல்ட் காட்டும் தலைமை ஆசிரியர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். அவர்களுக்கு யாரும் பிளெக்ஸ் வைப்பதில்லை.

சேர்க்கையின்போதே பிள்ளையைச் சோதித்துப் பார்க்கும் வழக்கமும் உண்டு. ஒன்றாம் வகுப்புக்கு நுழைவுத் தேர்வு, அம்மாவுக்கு இன்டர்வியூ. கல்வி உரிமைச் சட்டம் 13ஆம் பிரிவில் இதற்குத் தடை இருக்கிறது. முதல் தடவைக்கு 25,000 ரூபாய் வரை, அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவைக்கும் 50,000 ரூபாய் வரை அபராதம் போடலாம். ஐந்து வயதுப் பிள்ளையை வடிகட்டுகிற பள்ளி பதினான்கு வயதிலும் வடிகட்டும். அங்கே இடம் கிடைக்கவில்லை என்று அழும் பெற்றோருக்கு நான் ஆறுதல் சொல்வதில்லை, வாழ்த்துச் சொல்வேன்.

அடுத்தது தூரம். கரமனையிலிருந்து கழக்கூட்டம் தாண்டிப் போகும் ஸ்கூல் பஸ் காலை ஆறே முக்காலுக்கு வரும். பிள்ளை ஐந்தரைக்கு எழும். சாயங்காலம் நாலரைக்கு வீடு, ஐந்தரைக்கு என் முன்னறை, ஏழரைக்குக் கண் சொருகும். சூட்டிகையான பிள்ளை பஸ்ஸில் தூங்கிவிட்டும் சமாளித்துவிடும். நடுவில் இருப்பவனுக்கு வேண்டியது ஒன்றை இரண்டாம் தடவை படிக்கிற அவகாசம். அந்த அவகாசத்தைத்தான் பைபாஸ் ரோடு தின்கிறது. ஸ்டேட் சிலபஸ் பள்ளி பத்து மணியை ஒட்டித்தான் தொடங்கும். உயர்நிலை வகுப்புகளுக்கு 2025இலிருந்து கொஞ்சம் நேரம் கூட்டியிருக்கிறார்கள், அப்போதும் பரவாயில்லை. நடந்து போகும் தூரத்தில் சுமாரான பள்ளியும் பதினைந்து கிலோமீட்டரில் பெயர்பெற்ற பள்ளியும் இருந்தால், நடுத்தரமாகப் படிக்கும் பிள்ளைக்கு நான் எப்போதும் நடக்கிற பள்ளியைத்தான் சொல்வேன்.

எந்த போர்டு என்ற வழக்கமான சண்டைக்குள் நான் அதிகம் போவதில்லை. ஒன்று மட்டும் பலருக்குத் தெரிவதில்லை: சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பில் கணக்குக்கு 2020 பரீட்சையிலிருந்து இரண்டு தாள் உண்டு, ஸ்டாண்டர்ட், பேசிக். பாடம் ஒன்றே, பேசிக்கில் கேள்விகள் எளிது. கணக்கைக் கண்டால் நடுங்கும் பிள்ளைக்கு அது ஒரு மூச்சு. ஆனால் எங்கள் பள்ளியில் பேசிக் கொடுப்பதில்லை என்று சொல்லும் நிர்வாகங்கள் உண்டு. காரணம் மறுபடியும் பிளெக்ஸ்தான். ஸ்டேட் சிலபஸில் கணக்கு எல்லாருக்கும் ஒன்று.

ஸ்டேட் சிலபஸ் பள்ளிகளின் பலம் வேறு இடத்தில். பாடத்தைத் தவிர எத்தனை கதவு திறந்திருக்கிறது என்று பாருங்கள். 1957இல் எர்ணாகுளத்தில் தொடங்கிய பள்ளிக் கலைவிழாவான கலோத்சவம் இன்று பள்ளி, உபஜில்லா, ஜில்லா என்று ஏறி மாநில மேடை வரை போகிறது. 2025 ஜனவரியில் இங்கேயே நடந்தது. ஐந்து நாள் ஊர் உறங்கவில்லை. தனிநபர்ப் போட்டியில் பணமும் குருவும் உள்ள வீட்டுப் பிள்ளைதான் ஜெயிக்கும், அதை மறைக்க வேண்டாம். ஆனால் ஒப்பனா, மார்க்கங்களி, சவிட்டு நாடகம், நாடன் பாட்டு மாதிரிக் குழுப் போட்டிகளுக்கு ஆள் வேண்டும். நடு பெஞ்சு அங்கேதான் எழுந்து வரும். ஸ்டூடண்ட் போலீஸ் கேடட் 2010இல் கேரளத்தில் பிறந்த திட்டம். பிற்பாடு நாடெங்கும் போனது. லிட்டில் கைட்ஸ் என்ற கம்ப்யூட்டர் மன்றம் 2018இலிருந்து. கணக்கில் டி பிளஸ்ஸைத் தாண்டாத ஒரு பையன் அந்த மன்றத்தில் அனிமேஷன் செய்து, அதற்காகவே ஆயத்தொலைவு என்னவென்று என்னிடம் கேட்டுக் கற்றுக்கொண்டான். பாடத்தில் நான் அதை மூன்று தடவை நடத்தியிருந்தேன்.

எட்டாம் வகுப்பிலேயே கதவு மாற்றிக்கொள்ளவும் வழியுண்டு. நெடுமங்காடு போன்ற இடங்களில் அரசு டெக்னிக்கல் ஹைஸ்கூல்கள் இருக்கின்றன. ஏழாம் வகுப்பு முடித்துச் சேரலாம். பாடத்தோடு ஒர்க்ஷாப், டிராயிங். முடிவில் டி.ஹெச்.எஸ்.எல்.சி.; பாலிடெக்னிக் சேர்க்கையில் அவர்களுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. கையால் எதையும் பிரித்துப் பூட்டும் பிள்ளைக்கு இதைவிட நல்ல பள்ளி எனக்குத் தெரியாது. ஆனால் நம் ஆட்களிடம் சொன்னால் முகம் சுருங்கும். பிளஸ் ஒன்னில் தொழில்கல்வியான வி.ஹெச்.எஸ்.இ. 1983-84லேயே வந்தது, அதுவும் பிளஸ் டூவுக்குச் சமம், அதைப் படித்துவிட்டு டிகிரிக்குப் போகலாம். “இடம் கிடைக்காதவங்க போறதுதானே சார்?” என்பார்கள். மலபார் பக்கம் பிளஸ் ஒன் இடத்துக்கே திண்டாட்டம். இங்கே அந்தக் கஷ்டம் இல்லாததால் எல்லாரும் பிள்ளைக்குப் பிடிக்கிறதோ இல்லையோ சயன்ஸ் குரூப்பில் போய் உட்கார்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. வாயால் கேட்டால் பிள்ளை எல்லாம் சொல்லும், எழுதச் சொன்னால் எழுத்து தலைகீழாகும், ஒரு பக்கம் வாசிக்க அரை மணி ஆகும் என்றால் அது ஆவரேஜ் இல்லை. பள்ளியை மாற்றியும் தீராது. மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் சைல்ட் டெவலப்மென்ட் சென்டர் இருக்கிறது. முதலில் அங்கே காட்டுங்கள். கற்றல் குறைபாடு என்று சான்று கிடைத்தால் எஸ்.எஸ்.எல்.சி.யில் கூடுதல் நேரம், சொல்லச் சொல்ல எழுத ஆள் போன்ற சலுகைகள் உண்டு. சான்று இருந்தால் நாலு பேருக்குத் தெரிந்துவிடுமே என்று மறைத்த வீடுகளை எனக்குத் தெரியும், பாதிக்கப்பட்டது பிள்ளை.

இன்னும் ஒன்று, கிளாஸ் பி.டி.ஏ. ஓணப் பரீட்சை முடிந்து பேப்பர் கொடுக்கும்போது அப்பா அம்மாவைக் கூப்பிடுவார்கள். அங்கே டீச்சர் என்ன பேசுகிறார் என்று ஏற்கெனவே அங்கே படிக்கும் பிள்ளையின் வீட்டில் விசாரியுங்கள். “கவனம் போதாது, இன்னும் நல்லா படிக்கணும்” என்று எல்லாருக்கும் ஒரே வசனம் சொன்னால் அந்த டீச்சருக்கு உங்கள் பிள்ளையைத் தெரியாது. “கூட்டல் கழித்தல் சரியா போடுறா, மைனஸ் அடையாளம் வந்தா குழம்புறா” என்று சொன்னால் தெரியும்.

இதையெல்லாம் ஏப்ரல், மே மாதத்தில் போய்ப் பார்க்க முடியாது. அப்போது பள்ளியில் கட்டடமும் கவுண்டரும்தான் இருக்கும். ஜனவரி, பிப்ரவரியில் வகுப்பு நடக்கும் ஒரு நாளாகப் பார்த்துப் போங்கள். பிரின்சிபல் அறையில் உட்காரும் முன் உச்சிப் பெல் அடிக்கும் வரை வராந்தாவில் நில்லுங்கள். எட்டாம் வகுப்பில் எத்தனை பேர், பத்தில் எத்தனை பேர் என்று மறக்காமல் கேளுங்கள். போகும்போது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள்; அவன் காதுபட ஆவரேஜ் என்று மட்டும் சொல்லாதீர்கள்.